மூன்று மாதத்துக்கு நான் டாக்டர் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மனைவி சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை மருத்துவக் கவுன்சில் மூன்று மாதம் கழித்துச் சொல்லும். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் கடிதம்.

முப்பத்திரண்டு வருடம் இருதயம் பார்த்தவன், இன்னும் எதையும் மறக்கவில்லை என்று, புது விதிப்படி இனி ஐந்து வருடத்துக்கொருமுறை நிரூபிக்க வேண்டுமாம். ஐம்பது புள்ளி சேர்க்கணும், அப்புறம் பரீட்சை. புள்ளிக்காக ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு. என்னிடம் படித்தவன், வகுப்பில் தூங்குமூஞ்சி என்றே பெயரெடுத்தவன், மேடையில் பாடம் நடத்துகிறான். கீழே நாங்கள் தூங்குகிறோம். தூங்கினாலும் புள்ளி உண்டு, வாசல் மெஷினில் விரல் வைத்தால் போதும். அது என் விரலை மட்டும் ஏற்கவில்லை. ரத்தக்குழாய் அடைப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ரேகையே போய்விட்டதாம். மேஜையிலிருந்த பெண், "சார், நீங்க வரலைன்னு காட்டுது" என்றாள். "அம்மா, உன் எதிர்லதானே நிக்கிறேன்?" "நிக்கிறீங்க சார். ஆனா வரலை." போன புள்ளிக்கு ஈடாகக் கம்ப்யூட்டரில் ஒரு பாடம் பார்க்கச் சொன்னார்கள். தலைப்பு: கை கழுவுவது எப்படி.

பரீட்சைக் கூடத்தில் கண்காணிப்பாளர் ஷூவைக் கழற்றச் சொல்லி, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நூறு கேள்வி, நாலு பதிலில் ஒன்றைத் தொடணும். எனக்குச் சில நேரம் நாலும் சரியாகப் பட்டது, சில நேரம் நாலும் தப்பாகப் பட்டது. முடித்ததும் திரையில் சிவப்பாக வந்தது: தேர்ச்சி இல்லை. ஒரே ஒரு மார்க் குறைவு. மறுபரீட்சை மூன்று மாதம் கழித்துத்தான், அதுவரை வைத்தியம் பார்க்கக் கூடாது. வராந்தாவில் அதே கண்காணிப்பாளர் ஓடிவந்தார், கையில் அவர் அம்மாவின் ஈ.சி.ஜி. "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்." "நான் ஃபெயிலுப்பா. இப்ப டாக்டரே இல்ல." "அது கம்ப்யூட்டர் சொல்றது சார். அம்மாவுக்கு மூச்சு வாங்குது." ஷூ லேஸ்கூடக் கட்டாமல் நின்று பார்த்தேன். உடனே எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் என் பெயர் கிடையாது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என் பெயர்ப்பலகைமேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. அறை தூங்குமூஞ்சிக்கு. பதறி எழுந்து, "உக்காருங்க சார்" என்றான். நோயாளி உட்காரும் ஸ்டூல்தான் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். சொல்லு அக்கா, இவர்கள் எனக்கு என்ன கற்றுக்கொடுத்துக் கிழிக்கப் போகிறார்கள்?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிற உன் பேத்திக்கு ஆசியோடு என் அனுதாபமும்.

இப்படிக்கு,
இப்போதைக்கு வெறும் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது விடைத்தாள் நகல் வந்தது. தப்பானவற்றில் ஒன்று: எழுபது தாண்டிய பெண், இருதய நோய் எதுவும் இல்லை, முன்னெச்சரிக்கையாக தினம் ஆஸ்பிரின் ஆரம்பிக்கலாமா? 'ஆரம்பிக்கலாம்' என்று தொட்டிருக்கிறேன். கூடாதாம், வயிற்றில் ரத்தம் கசியுமாம். இது மாறிப் பல வருஷம் ஆச்சாம். அக்கா, எழுபது தாண்டிய உனக்குப் போன வருஷம் எழுதித் தந்தேனே, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஆஸ்பிரின்தான், அதை இன்றே நிறுத்து. வயிறு எரியுதுன்னு நீ சொன்னப்போ காரத்தைக் குறைன்னு சொல்லிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் ஏறி வேறு டாக்டரிடம் போ. புள்ளியெல்லாம் ஒழுங்காகச் சேர்த்தவராகப் பார்த்துப் போ.