வாப்பாவுக்கு ஒரு நாற்காலி

எங்கள் மகள் ஹம்னாவின் நிக்காஹ்வுக்குப் பட்டு எடுக்கத் தென்காசி ஜவுளிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் மனைவி மாஜிதாவைப் பார்த்தார். "பாப்பாவோட வாப்பாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார். பாப்பா என்று அவர் சொன்னது ஹம்னாவை அல்ல, மாஜிதாவை.

எங்களுக்குள் ஐந்து வயதுதான் வித்தியாசம். துபாய் வெயில் என் கன்னங்களைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தது. அங்கேயே முடிவெடுத்தேன். நிக்காஹ்வில் மாப்பிள்ளையே பொறாமைப்படும் முகத்தோடு உட்காருவது.

குற்றாலம் ரோட்டில் ஒரு தோல் கிளினிக் உண்டு. ஊசி இல்லை, கத்தி இல்லை. ரேடியோ அலையால் தோலுக்கு அடியில் சூடேற்றினால், தொங்குவது கொஞ்சம் கொஞ்சமாக இறுகுமாம். ஒரே சிக்கல்தான். போன லீவில் மாஜிதா இதே சிகிச்சைக்கு ஆசைப்பட்டபோது, "மூஞ்சிக்கு இஸ்திரி போடப் போறியாட்டி?" என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தவன் நான். தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் அருவியில் குளிக்கப் போவதாகச் சொல்லி, தலை நிறைய எண்ணெயோடு கிளம்பினேன்.

கிளினிக்கில் போன் நம்பர் கேட்டார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னேன். முகத்தில் எதையோ குளுகுளுவென்று தடவி, வெதுவெதுப்பான கருவியை மேலும் கீழும் தேய்த்தார்கள். சுகமாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் மாஜிதா நின்றாள்.

"கன்னம் ஏன் செவந்து கெடக்கு?"

"ஐந்தருவில தண்ணி சரியான அடி."

"தலையில வச்ச எண்ணெய் மட்டும் அப்படியே இருக்கு?"

நான் துண்டைத் தேடினேன்.

"ஐந்தருவில வெள்ளம். காலையில இருந்து குளிக்கத் தடை, போலீஸ் நிக்கு. நீங்க குடுத்தது என் நம்பரு. கிளினிக் நர்ஸ் உடனே எனக்குப் போன் பண்ணிட்டா."

"அவளுக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"போன லீவு முடிஞ்சு நீங்க துபாய்க்கு ஃபிளைட் ஏறுனிய. மறுநாளே நான் அங்கன போயிட்டேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது.

"அப்ப நான் கெழடாகலியாட்டி?"

"இல்ல. நான் எளசாயிட்டேன்."

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். அடுத்த தடவை சேர்ந்தே போவோம் என்றாள். இவளைப் போல் மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் மெல்லச் சொன்னாள்.

"வந்திருக்கது உங்க வாப்பாவான்னு நர்ஸ் கேட்டா. ஆமான்னுட்டேன். அங்கன வந்து பேச்ச மாத்திராதிய."