செத்துப்போகவில்லை, அசையாமல் கிடந்தேன்

கோர்னா லெஸ்கா,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஸ்தாமென் அண்ணன் அவர்களுக்கு, சித்தப்பா மகன் ஒக்னியான் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். தாங்களும் அண்ணியும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நேற்று என் மரணச் செய்தி கேட்டதும் தாங்கள் தொலைபேசியில், "வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று விசாரித்தீர்களாம். அதை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் மகள் கல்யாணத்தில் என்னைச் சமையலறைக் கதவோரம் உட்கார வைத்ததை எப்படி மறந்தேனோ அப்படியே இதையும் மறந்துவிடுவேன்.

நடந்தது இதுதான். அரசு இங்கே பள்ளிக்கூடத்தை மூடி, நான் நடத்திய வரலாற்றுப் பாடத்தையும் சேர்த்துப் புதைத்தபின், நான் பட்டாம்பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். அதற்குச் சிரித்தவர்களில் தாங்களும் ஒருவர். யாரும் சொல்லித்தராமல் நானே கற்றது. முதல் விதி, மனிதனைப்போல நடந்துகொள்ளக் கூடாது. நிழல் விழக் கூடாது, மூச்சு விடக் கூடாது. வியர்வை உப்பு அவற்றுக்குப் பிடிக்குமென்பதால் குளிக்காமலே போவேன். நேற்று தேவாலயத்துக்கு மேலே உள்ள சரிவில் குப்புறப் படுத்து, கொடிச்செடிமேல் உட்கார்ந்திருந்த ஒரு நீலப் பட்டாம்பூச்சியிடம் லென்சை முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கேமராவில் ஒட்டி வைத்திருந்தேன். அப்போது இலைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. செதிலான தோல். இரண்டு உருண்டைக் கண்கள். என்னைப் பார்த்ததும் கழுத்து உப்பியது.

அண்ணா, நம் பாறைகளில் கொம்பு விரியன் இருக்கிறது. போன கோடையில் ஒரு கழுதையைக் கொன்றது. கண்ணை எடுத்தால் கண்ணிலேயே கொத்தும். நெஞ்சு தரையில் அடித்த அடி பாம்புக்குக் கேட்டுவிடுமோ என்றுகூடப் பயந்தேன். விரல் தானாக ஒருமுறை பொத்தானை அழுத்தியது. அதோடு சரி, கட்டையாகிவிட்டேன். வியர்த்த கழுத்தில் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்ததைக்கூட விரட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டுக்காரி ஸ்லாத்காவும் தேனீக்காரன் மின்ச்சோவும் வந்தார்கள்.

"வாத்தியாரே! ஏ வாத்தியாரே! என்ன குப்புறக் கெடக்கீரு?"

எப்படிப் பதில் சொல்வேன்? உதட்டை அசைத்தால் போச்சு.

"ஐயையோ மின்ச்சோ, கழுத்தப் பாருடா! உசுரு பட்டாம்பூச்சியா வெளிய போவுது!"

"நாலு போவுதே அக்கா. இந்த ஆளுக்கு நாலு உசுரா?"

"செத்தவங்கள கேலி பண்ணாதடா. கடவுள் மன்னிக்கட்டும். நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? எவனுக்காவது ஒரு வணக்கம் சொல்லியிருக்காரா?"

"சரி, படிச்ச மனுசன்னு வச்சுக்க."

"புரட்டிப் பாக்கட்டுமா?"

புரட்டாதே, புரட்டாதே என்று கடவுள் நம்பிக்கையில்லாத நான் எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லி வேண்டினேன்.

"தொடாத. நாத்தம் வேற அடிக்குது. போன உசுரு இப்ப போனதில்ல போல. போயி பாதிரியாரக் கூட்டியா."

மின்ச்சோ ஓடினான். ஸ்லாத்கா எனக்குக் காவலாக உட்கார்ந்து, என் பையைத் திறந்து, "இனி இவருக்கு எதுக்கு" என்று என் ரொட்டியையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் தின்றாள். அவள் மெல்லும் சத்தம் ஒரு பக்கம், மரணம் ஒரு பக்கம். கீழே தேவாலய மணி அடித்தது. எனக்காக அடிக்கிறார்கள் என்று புரிந்தபோது, உண்மையிலேயே கொத்திவிட்டதோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கால் மரத்துப் போயிருந்தது. இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். பிறகு எவ்தீமி பாதிரியார் மூச்சுவாங்க ஏறிவந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, என் தலைமாட்டில் குனிந்தார். சூடான மெழுகு காதில் சொட்டியது.

அலறினேன். பாதிரியார் அதைவிட அலறினார். அவர் தொப்பி ஒரு பக்கம் உருண்டது, ஆடுகள் ஒரு பக்கம் சிதறின, ஸ்லாத்கா என் பாலாடைக்கட்டியோடு ஓடினாள், நான் எதிர்ப்பக்கம் காட்டுக்குள் ஓடினேன்.

இருட்டியபின் வீட்டுக்கு வந்தால் வாசற்கதவில் என் மரண அறிவிப்பு! பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, வாதுமை மரத்தில் ஒன்று. குழாய் உடைந்தால் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காத ஊராட்சிக்காரர்கள் இதை மட்டும் அன்றைக்கே அச்சடித்துவிட்டார்கள். அதிலும் படம்! ஏதோ பள்ளிவிழாக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்தது. மூக்கு எது வாய் எது என்று தெரியாத மங்கல். கிழிக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்லாத்கா சிலுவை போட்டுக்கொண்டே, "நாப்பது நாளு ஆகாம கிழிச்சா நெசமாவே போயிருவீரு வாத்தியாரே!" என்றாள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவனல்ல. ஆனால் கிழிக்கவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை. செருப்பை உதறாமல் போட முடியவில்லை. துணிக்கொடி காற்றில் ஆடினாலும் உடம்பு வேர்க்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனித் தரையில் படுக்க மாட்டேன். கேமராவை நாளைப் பேருந்தில் அனுப்புகிறேன், யாருக்கேனும் கொடுத்துவிடுங்கள். தாங்கள் நேரில் வந்து, விரியன் முன்னால் அசையாமல் கிடந்து உயிர் தப்பியவன் இவன் என்று ஊராட்சியில் சாட்சி சொல்லி, அறிவிப்பைத் திரும்பப் பெறவைக்க வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம். தங்கள் இல்லத்தில் எல்லோரும் தலை நரைத்து, பல் விழுந்து, அதற்கப்புறமும் வாழட்டும்.

தங்கள் தம்பி,
ஒக்னியான்

பி.கு.: கேமராவைப் பொட்டலம் கட்டுமுன், அந்த ஒரே படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். விரியனுக்குக் கால்கள் இருக்கின்றன. குட்டையாக, வரிசையாக. அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. பயந்துபோனால் தலையை உப்பி, கண்போன்ற புள்ளிகளைக் காட்டுமாம். என் சுண்டுவிரல் நீளம்கூட இராது. படம் மிகமிகத் தெளிவு. இதுவரை நான் எடுத்ததில் இதுதான் சிறந்தது. கேமராவை அனுப்பவில்லை. தாங்களும் வர வேண்டாம், ஊராட்சியில் எதுவும் சொல்ல வேண்டாம். யார் கேட்டாலும் விரியன் கடித்து இறந்துவிட்டேன் என்றே சொல்லுங்கள்.