அமெரிக்க உயிர் ஏற்றித் தரப்படும்

2009ஆம் வருஷம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கியவர்களில் பாதிப் பேர் தோளில் ஆள் உயர உறை ஒன்றைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். கடலூர் பஸ் கண்டக்டர்கள் முதலில் மிரண்டார்கள். "என்னாய்யா இது, பீரங்கியா?" என்று கேட்டார்கள். பிறகு பழகிப்போய் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்கள். வடலூரிலிருந்து வந்தார்கள். திட்டக்குடியிலிருந்து வந்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு குழு வேன் பிடித்தே வந்தது. கோயிலுக்கா? அதைத் திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு பழைய கல்யாண மண்டபம், அதன் வாசலில் ஒரு பேனர்:

‘இங்கு பேஸ் கிதார்களுக்கு அமெரிக்க உயிர் ஏற்றித் தரப்படும். நாதசித்தர் கலியமூர்த்தி சுவாமிகள். செவ்வாய் விடுமுறை. பெண்கள் வாசித்த கருவிகள் ஏற்கப்படா.’

வாரத்தில் ஆறு நாள் மட்டும் இறங்கும் அருளை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

பேஸ் கிதார் என்பது நாலே நாலு தடித்த கம்பி உள்ள கிதார். கச்சேரியில் ஜனங்கள் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், தபேலாக்காரரைப் பார்ப்பார்கள். பேஸ் வாசிக்கிறவரை அவர் பெண்டாட்டி மட்டும் பார்ப்பாள். ஆனால் அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டால் பாட்டுக்கு இடுப்பு விழுந்துவிடும். அப்படிப்பட்ட சாமான்.

அமெரிக்காவில் செய்த அசல் ஒன்றரை லட்சம். அதே கம்பெனி, அதே வடிவம், அதே சிவப்பு, இந்தோனேசியாவில் செய்தால் பதினைந்தாயிரம். அதைப் பார்த்துப் பெயர் தெரியாத யாரோ சீனாவில் செய்தால் ஆறாயிரம், கொஞ்சம் பேசினால் ஐந்தரை. எங்கள் கடைத்தெருவில் இதற்கு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், ‘எடுத்துக்கிட்டுப் போ’ நம்பர் என்று பெயர். கடலூர் மாவட்டத்தில் இருந்தவையெல்லாம் இரண்டும் மூன்றும்தான். வாங்கியவர்களுக்கு ராத்திரி பகல் ஒரே ஏக்கம்: நம்மிடம் இருப்பது மலிவு, அதில் ஏதோ ஒன்று இல்லை.

ஏதோ ஒன்று இல்லை என்று பத்துப் பேர் ஏங்கினால் அதை விற்பதற்குப் பதினோராவது ஆள் வந்துவிடுவான். வந்தவர்தான் கலியமூர்த்தி. மூன்று வருஷம் முன்பு வரை மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். இப்போது காவி ஜிப்பா, ஸ்படிக மாலை, இரண்டு செல்போன்.

"தாய் அமெரிக்காவுல இருக்கா. புள்ள இந்தோனேசியாவுல பொறந்துடுச்சி. தொப்புள்கொடி அறுந்து கெடக்கு. நான் ஒட்ட வெக்கிறேன், அவ்ளோதான்" என்பார். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பாக, பூமாலையோடு ‘தாய்க் கிதார்’. யாரும் தொடக்கூடாது. உங்கள் கிதாரைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு இரவு அது ‘உயிரறை’யில் இருக்கும். மறுநாள் காலையில் வாங்கி வாசித்தால், ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல ‘தொப்’ என்றிருந்த கம்பி, மணி அடித்ததுபோல ‘டங்ங்’ என்னும். பெரிய பெரிய மீசைக்காரர்கள் அழுதார்கள்.

இந்துவுக்குக் கற்பூரம், கிறிஸ்தவருக்கு மெழுகுவர்த்தி. சாமான் மாறும், ரேட்டு மாறாது: மூவாயிரம். உயிர் மூன்று மாதம் தங்கும். பிறகு புதுப்பிக்க ஆயிரத்தைந்நூறு. கடலூர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு மாதம். "உப்புக் காத்து உயிரத் தின்னும்" என்பார் சுவாமி. அவர் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வைத்திலிங்கம் என்று ஒருவர் மெல்லிசைக் குழு நடத்தினார். அதில் பேஸ் வாசித்தவள் மேரி ஷாலினி. இருபத்தாறு வயது. பத்து வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் பிடித்த கருவி. இன்னும் கீழே வைக்கவில்லை. இப்போது வைத்திருப்பது சீனாக் கிதார். ஆறாயிரத்தை ஐயாயிரத்து இருநூறுக்குப் பேசி வாங்கியது. அவள் வாசித்தால் பந்தல்காரன்கூட அவனையறியாமல் காலை ஆட்டுவான். மார்கழியில் ஒரு நாள் வைத்திலிங்கம் அவளைக் கூப்பிட்டார்.

"ஷாலினி, தப்பா நெனைக்காதம்மா. தை பொறந்தா இருவத்தேழு கச்சேரி. பார்ட்டிங்க போன்லயே கேக்கறாங்க, உயிர் ஏத்துன கிதார் இருக்கான்னு."

"கேக்கறவங்களுக்கு பேஸ் எது, ரிதம் எதுன்னு தெரியுமாண்ணே?"

"தெரியாது. ஆனா கேக்கறாங்களே!"

"என் கிதார அந்த ஆளு வாங்கவே மாட்டேங்கறாரு. பொம்பள தொட்டதாம்."

"அதான் நானும் யோசிச்சேன். தையிலேர்ந்து உங்க மாமா லூர்துநாதன வரச் சொல்லிட்டேன். நீ வேணா கோரஸ் பாடு."

ஷாலினிக்குக் கோரஸ் பாட வராது. வந்தாலும் பாடியிருக்க மாட்டாள்.

லூர்துநாதன் அவளுடைய அக்கா புருஷன். கடலூர் பழைய நகரத்தில் மாதா கோயில் குழுவில் பேஸ் வாசிப்பவர். கார்த்திகை மாதம்தான் உயிர் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வந்த அன்றே ஷாலினியைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டியிருந்தார். உண்மையாகவே ‘டங்ங்’ என்றது. அவளே அசந்துவிட்டாள்.

"புதுக் கம்பி போட்டிருப்பாரு மாமா" என்றாள்.

"அடிப் போடி! நான் என்னா கேணையனா?" லூர்துநாதன் கிதாரைத் திருப்பிக் காட்டினார். "உங்கக்காவோட நகப்பாலிஷ எடுத்து நாலு கம்பியிலயும் புள்ளி வெச்சிக் குடுத்தேன். பாரு, அதே புள்ளி. அதே கம்பி. எட்டு வருஷத்துக் கம்பி! இதுக்கு என்னா சொல்ற?"

லூர்துநாதன் முட்டாள் இல்லை. சோதித்துப் பார்த்திருக்கிறார். தப்பான கேள்வியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கிதார்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கம்பி அறுந்தால் மாற்றுவார்கள். பேஸ் கம்பி அறுவதே இல்லை, அவ்வளவு தடிப்பு. அதனால் எட்டு வருஷம், பத்து வருஷம், அதே கம்பி. கை வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, கடற்காற்று, கல்யாண வீட்டுப் பிரியாணி எல்லாம் அதன் முறுக்குக்குள் போய் உட்கார்ந்திருக்கும். சத்தம் தினம் ஒரு நூல் குறைந்தால் யாருக்குத் தெரியும்?

ஷாலினி கிதாரை மடியில் வைத்துத் தலைப்பக்கம் பார்த்தாள். தடித்த கம்பி முளையில் சுற்றியிருந்த இடத்தில், சுற்றுக்கு நடுவே, வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

சோற்றுப் பருக்கை.

"மாமா, அமெரிக்காவுல புழுங்கலரிசியா சாப்புடறாங்க?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

வீட்டுக்குப் போய்த் தன் கிதாரிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றைக் கழற்றி, சோறு வடிக்கிற பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டுப் போட்டாள். பத்து நிமிஷம். தண்ணீர் பாக்குச் சாயம்போல ஆனது. துடைத்து மாட்டித் தட்டினாள். பிறகு வெகுநேரம் தனியாகச் சிரித்தாள். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. தன் சீட்டுக்கே ஆபத்து என்று வைத்திலிங்கம் சொன்ன பிறகுதான் சொல்ல வேண்டிய இடம் எதுவென்று முடிவுசெய்தாள்.

மார்கழிக் கடைசி ஞாயிறு, மண்டபத்தில் ‘உயிரேற்றப் பெருவிழா’. முந்நூறு பேர். வைத்திலிங்கம் முன்வரிசையில் இருந்தார். லூர்துநாதனும் கிதாரோடு வந்திருந்தார். ஆறு வாரத்திலேயே அவர் கிதார் மறுபடி ‘தொப்’ என்று ஆகிவிட்டது. "ரெண்டு மாசம் கேரண்டி இருக்குல்ல, ஓசியில ஏத்திக் குடுப்பாரு" என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஷாலினி மண்டபத்துக்குள் போகவில்லை. எதிரே பக்கிரியின் டீக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, ஒரு பானை தண்ணி கொதிக்க வெச்சித் தாங்க."

"எத்தினி டீ தங்கச்சி?"

"டீ வேணாம். இந்த நாலு கம்பியையும் அதுல போடணும்."

பக்கிரி கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நூடுல்ஸா?" என்றார். ஆனால் பானையை வைத்தார்.

அரைமணி கழித்து அவள் கிதாரோடு உள்ளே நுழைந்தபோது சுவாமி வழக்கமான வசனத்தில் இருந்தார்: "என் கண்ணக் கட்டிடுங்க. எந்தக் கிதார்ல உயிர் இருக்கு, எதுல இல்லன்னு காதால சொல்லுவேன்!"

"கட்டிடலாம் சுவாமி" என்றாள் ஷாலினி.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பொம்பளை! அதுவும் கையில் கிதாரோடு!

"எங்க மாமா கிதார் நீங்க உயிர் ஏத்துனது. கேரண்டி இன்னும் இருக்கு. என்னுது பொம்பள தொட்டது. ரெண்டையும் திரைக்குப் பின்னால மாமாவே வாசிக்கட்டும். ஒரே ஒயர், ஒரே ஸ்பீக்கர். உயிர் உள்ளது எதுன்னு நீங்க சொல்லுங்க. சரியா சொல்லிட்டா இந்தக் கிதார உங்க கால்ல வெச்சிட்டுப் போறேன். பேஸ இனிமே தொடமாட்டேன். வைத்திலிங்கம் அண்ணன் சாட்சி. தப்பா சொன்னா என் சீட்டு எனக்கு. சரியாண்ணே?"

வைத்திலிங்கம் சுவாமியைப் பார்த்தார். சுவாமி கூட்டத்தைப் பார்த்தார். முந்நூறு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதோடு அவருக்குப் பயமும் இல்லை. வருஷக்கணக்காகப் பொம்பளை கையில் புழங்கிய சீனாக் கிதார் எப்படிச் சத்தம் போடும் என்று மிக்சி ரிப்பேர்க்காரருக்குத் தெரியாதா?

"கட்டுங்கய்யா கண்ண" என்றார்.

கட்டினார்கள். திரை இழுத்தார்கள். லூர்துநாதன் முதல் கிதாரை வாசித்தார்.

தொப். தொப். தொப்.

சுவாமி முகத்தைச் சுளித்தார். "பொணம்! பொம்பள கை பட்டது. தீட்டு அப்டியே காதுல அறையுது."

இரண்டாவதை வாசித்தார்.

டங்ங்!

"ஆகா! இது அமெரிக்கா! என் தாயோட மூச்சு! இத நான் என் கையாலயே ஏத்துனேன்யா!" சுவாமியின் கண்கட்டு நனைந்தது. மண்டபம் கை தட்டியது.

திரை விலகியது.

லூர்துநாதன் கையில் இருந்தது ஷாலினியின் ஐயாயிரத்து இருநூறு ரூபாய்ச் சீனா. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ‘பொணம்’ அவருடைய கேரண்டிக் கிதார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கைதட்டல் நின்றது. இந்த இடத்தில் ஜனங்கள் யோசித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து ஷாலினியைப் பார்த்துக் கைகூப்பினார்: "தாயே! சாமிகிட்ட இருந்த அருள் உங்ககிட்ட வந்துடுச்சா? உங்க ரேட்டு என்னாம்மா?"

"எங்கிட்ட அருளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்று கத்தினாள் ஷாலினி. "பக்கிரி அண்ணே, பானைய இங்க எடுத்தாங்க!"

பக்கிரி அடுப்போடு பானையை மேடைக்குக் கொண்டுவந்தார். லூர்துநாதனின் நாலு கம்பிகளையும் ஷாலினி கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். முந்நூறு பேர் பத்து நிமிஷம் பானையைப் பார்த்தபடி இருந்தார்கள். எடுத்தாள். பக்கிரியின் துண்டால் துடைத்தாள். துண்டு கறுத்தது. கம்பியில் நகப்பாலிஷ் புள்ளி அப்படியே இருந்தது. மாட்டிச் சுருதி சேர்த்து மாமாவிடம் கொடுத்தாள்.

டங்ங்.

"அழுக்குப் போச்சி. அவ்ளோதான் உயிரு" என்றாள்.

லூர்துநாதன் கிதாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "மூவாயிரம் குடுத்தனேடி... வெந்நிக்கா?"

பழைய பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கிப் புது விலைக்கு விற்றால் எங்கள் தெருவில் அதை வியாபாரம் என்போம். உங்கள் பாத்திரத்தையே விளக்கி உங்களுக்கே விற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்ல வேண்டுமானால் ஜிப்பா தேவைப்படுகிறது.

யாரோ உயிரறையின் பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரிய சோற்றுக் குண்டான், நாலு துண்டு, சீடர்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்த காலைச் சோறு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தாய்க் கிதாரை வெளியே எடுத்தார்கள். தச்சர் அறுத்துச் சாயம் அடித்த பலகை. ஒயர் சொருக ஓட்டைகூட இல்லை. தாய் பிறவி ஊமை. சுவாமியைத் தேடினால், கண்கட்டோடு உட்கார்ந்திருந்த நாற்காலியில் கண்கட்டு மட்டும் இருந்தது.

கூட்டத்தில் பாதி சுவாமியைத் துரத்தியது. மீதிப் பாதி என்ன செய்தது தெரியுமா? பக்கிரியைச் சூழ்ந்துகொண்டது.

"அண்ணே, இது எந்தக் கெணத்துத் தண்ணி?"

"பானை மண்ணா, அலுமினியமா?"

"எத்தினி மணிக்கு ராகு காலம் முடியுதுண்ணே? அதுக்கப்புறம் போடலாமா?"

"யோவ், கொழாத் தண்ணியா! உங்க வூட்ல அடுப்பு இல்லியா?" என்று பக்கிரி துண்டை உதறினார்.

ஷாலினி கிதாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கம் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"ஷாலினி, இருவத்தேழு கச்சேரியும் நீதாம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"சரிண்ணே."

"ஒண்ணே ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பானைய வெல பேசி வாங்கி நம்ம வேன்லயே வெச்சிக்கலாமா? ராசியான பானையா தெரியுது."

ஷாலினி உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வாங்குங்கண்ணே. நல்லாப் பெருசா பாத்தே வாங்குங்க. பத்து நிமிஷம் வேகவெச்சா கம்பிக்குப் புடிச்ச அழுக்கே போவுது. நம்மாளுங்க மண்டைக்குள்ள இருக்கறதையும் எடுத்து ஒருதரம் அதுல போட்டுப் பாக்கலாம்."