நிலாவுக்கு ஒரு வாளி

கண்டியில் நிலாவை வாடகைக்கு விட்ட ஒரே மனிதர் நிலா மேஸ்திரிதான்.

முனிசிபலில் குழாய் பொருத்துகிற வேலை. மனிதன் சந்திரனில் கால் வைத்த வருசம், பழைய குழாய் ஒன்றில் கண்ணாடி வில்லைகளை மாட்டி, என் பெயின்ட் கடைக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டார். அந்தியானதும் கூட்டம். நிலாவைப் பார்க்க வேண்டுமென்றால் கால்வாயிலிருந்து ஒரு வாளி குப்பை அள்ளிக் கொடுக்க வேண்டும். அதுதான் வாடகை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒற்றைப் பிரஷ்ஷோடு வத்தேகமயிலிருந்து வந்து மூன்று கடை போட்டவன். நானா குப்பை அள்ளுவது? அள்ளாமலே, "முதல் நாளே பார்த்தாச்சு. அமெரிக்காக்காரன் கொடி நல்லாத் தெரியுது. துணிகூட உசத்தித் துணி" என்று வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்டேன்.

அது கம்பளையிலிருக்கும் என் சம்பந்தி காதுக்குப் போனது. "வெள்ளிக்கிழமை வர்றேன். எனக்கும் அந்தக் கொடியக் காட்டுங்க" என்று சொல்லியனுப்பினார்.

மானம் போகப் போகிறது. முதலில் நான் பார்த்துவைக்க வேண்டுமே. கடையில் கிடந்த காலி டின்களை வாளியில் போட்டுக்கொண்டு போனேன். மேஸ்திரி தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கே, மொதலாளி."

குழாயடியில் நனைத்து எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். மோந்து பார்த்தார்.

"இது நான் போட்ட குழாத் தண்ணி."

வெள்ளிக்கிழமை சம்பந்தி கரையில் நிற்க, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கைக்கு அகப்பட்டதெல்லாம் டின். பின்வாசல் வழியாக நானே வீசியவை. ஊரே படிக்கட்டும் என்று ஒவ்வொரு மூடியிலும் கடைப் பெயர் வேறு எழுதிவைத்திருந்தேன்.

சம்பந்தி குனிந்து படித்தார். "மூனு கடைன்னாங்களே சம்பந்தி, இது நாலாவதா?"

வாளியோடு ஏறிக் குழாயில் கண்ணை வைத்தேன். குண்டும் குழியுமாக வெறும் சாம்பல்.

"கொடி தெரியுதா, சம்பந்தி?"

"இல்ல" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

கோபத்தை மேஸ்திரிமேல் காட்டினேன். "இங்கயே இவ்வளவு வேலை கெடக்கு. அங்க எதுக்கய்யா போறானுக?"

"போகட்டும், மொதலாளி. போனதாலதானே அங்க குடிக்கத் தண்ணி இல்லன்னு தெரிஞ்சுது. வீட்டப் பெருக்கிட்டுப் போகச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

பிறகு ஒருநாள், இந்திய வம்சாவளி ஆட்களைத் திருப்பியனுப்பும் ஒப்பந்தப்படி அவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குழாயை என் கடையில் சாத்திவைத்துவிட்டு, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் ரயிலேறிப் போய்விட்டார்.

இப்போது எனக்கு நிஜமாகவே நாலு கடை. பவுர்ணமி அந்தியில் இன்னமும் கால்வாயில் இறங்கி ஒரு வாளி அள்ளிக்கொண்டு ஏறுகிறேன். தடவிப் பார்த்து, "ஈரந்தான், மொதலாளி" என்று சொல்லத்தான் ஆளில்லை.