பெரியப்பாவின் பதினாறாம் நாளில் ஓடிய படம்

செத்துப்போனவரைப் பற்றிப் படம் எடுக்கிறவன், உயிரோடு இருக்கிறவர்களிடம்தான் அடி வாங்குவான். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.)

அப்போது தென்காசியில் ஒரு செல்போன் கடையில் உடைந்த டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு என்னைக் கைவிட்டது, டாக்குமெண்டரிகள் பிடித்துக்கொண்டன. கடலுக்கடியில் போனவன், பனிமலை ஏறியவன், ராக்கெட்டில் பறந்தவன் என்று எல்லாரையும் ஒரே கட்டைக்குரலில் தமிழ் பேசவிட்டிருந்தார்கள். வாத்தியார் சொன்னபோது தூக்கம் வந்த அதே விஷயத்தை அந்தக் கட்டைக்குரல் சொன்னால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். டீ வாங்கப் போனால்கூட மனசுக்குள் அதுதான் ஓடும். "மனிதகுலம் காணாத தூரத்தை இதோ, அவன் கடக்கிறான்!" (எதிர்க் கடைதான்.)

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அப்பாவின் அண்ணன். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருந்தவர். அவருக்கு இரண்டு தம்பிகள்: எங்கப்பா, சித்தப்பா. இந்த இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரே கல்யாணத்துக்கு ஒருத்தர் முகூர்த்தத்துக்குப் போனால் மற்றவர் ரிசப்ஷனுக்குத்தான் போவார்.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, பதினாறுக்கு அவனுவ ரெண்டு பேரும் ஒரே பந்தியில ஒக்காந்து சாப்பிடணும். சாப்பிட்டு எந்திச்சதும் கடைச் சாவியக் குடுத்துருவேன், சேந்து நடத்தட்டும். ஒங்க பெரியப்பாவப் பத்தி மனச எளக்குத மாதிரி ஒரு படம் போடுலே. செல்லே கதின்னு கெடக்கேல்லா, இதுக்காவது ஆவட்டும்."

பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. கடை திறந்தால்தான் அவளுக்கு அடுப்பு எரியும். விளையாட்டுக் காரியம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் என் மொத்தத் திறமையையும் இறக்கினேன். (அங்கேதான் கெட்டது.)

பெரியப்பா முதல் லோடு எலுமிச்சையைச் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு அனுப்பிய இடத்தில், டாக்குமெண்டரியிலிருந்து வெட்டி ஒரு ராக்கெட்டைக் கிளப்பினேன். வீடு கட்டி முடித்த இடத்தில் ஒருவன் பனிமலை உச்சியில் கொடி நட்டான். நிஜமான பெரியப்பா நாலைந்து கல்யாண போட்டோவில் வியர்த்துப்போய் நின்றார். கடைசியில் தம்பிகளுக்காக இரண்டு சிங்கங்கள். ஆனால் என் கட்டைக்குரல் மெதுவாகப் பேசியதில், வசனம் முடியுமுன் சிங்கம் தீர்ந்துபோனது. அதே டாக்குமெண்டரியில் அதற்கடுத்து வருவதையும் கொஞ்சம் இழுத்துச் சேர்த்துவிட்டேன். சேர்த்த பகுதியைப் போட்டுப் பார்க்கவில்லை. சிங்கம் எங்கே போய்விடப் போகிறது?

பதினாறாம் நாள் காலையில் குற்றாலத்தில் குளியல். அருவியின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் சித்தப்பா. நடுவில் மொத்தச் சொந்தமும் நனைந்தது. சடங்கு முடிந்து, வெளியே சாரல் அடிக்க, பெரியம்மா வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தை ஓட்டினேன்.

ராக்கெட் கிளம்பியது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கொடி நட்டபோது பின்னால் ஒரு அண்ணாச்சி, "இவரு எப்பம்வே இமயமலைக்குப் போனாரு?" என்றார். "சும்மா இரும்வே. யாவாரத்துக்குப் போயிருப்பாரு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அப்பா அழுதார். சித்தப்பா தன் தோள் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்! பெரியம்மாவின் கை இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் கரண்ட் போயிருந்தால் நான் இன்று பெரிய ஆள்.

"மாமனிதர் சாய்ந்துவிட்டார்" என்றது என் குரல். வேட்டியில் சிங்கங்கள் வயிறு நிறைந்து நடந்து போயின. செத்த எருமை மட்டும் கிடந்தது. "ஆனால், அவர் சேர்த்து வைத்ததை விடாமல் காக்க, இதோ, இரண்டு தம்பிகள்!"

புதருக்குள்ளிருந்து இரண்டு கழுதைப்புலிகள் வந்தன. ஒன்று காலைக் கவ்வியது, இன்னொன்று வயிற்றைக் கவ்வியது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. "பிடித்த பிடியை இவர்கள் என்றும் விடமாட்டார்கள்" என்றது குரல். கழுதைப்புலிகள் சிரித்தன. கூடவே, வாயைப் பொத்தியும் அடங்காமல், பின்னால் இருந்த அந்த அண்ணாச்சியும்.

சித்தப்பா எழுந்தார். "ஒம்ம மவன்தான எடுத்தான்? நீரு சொல்லிக் குடுக்காமலா எடுத்தான்?"

"நான் எதுக்குலே சொல்லிக் குடுக்கேன்? அவன் எதார்த்தமா எடுத்திருக்கான். அந்தக் காலப் புடிச்சு இழுக்குது பாரு, அது அச்சு அசல் நீதான்."

"அப்பம் வயித்துக்குள்ள தலைய வுட்டுருக்கது யாராம்?"

"ஐயோ, எதையாவது அமத்துலே!" என்று பெரியம்மா கத்தினாள். பதற்றத்தில் நான் அணைப்பதற்குப் பதிலாக பாஸ் பட்டனை அமுக்கினேன். இரண்டும் வாய் நிறையக் கறியோடு வேட்டியில் அப்படியே உறைந்து நின்றன. அப்பா துண்டைத் தரையில் எறிந்தார். சித்தப்பா அதை எடுக்காமலே தெருவில் இறங்கினார். நான் வாங்கிய அடிக்குத் தனிப் படமே எடுக்கலாம்.

கூடத்தில் இலைகள் போட்டபடி கிடந்தன. பெரியம்மா பாயசக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு இலைகளை ஒவ்வொன்றாக மடித்தாள்.

மறுநாளே கடைக் கதவில் அப்பா ஒரு பூட்டும் சித்தப்பா ஒரு பூட்டும் தொங்கவிட்டார்கள். எலுமிச்சை மூட்டைகள் அடுத்த கடைகளுக்குப் போய்விட்டன. பெரியம்மா வீட்டின் முன்பாதியை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறாள்.

வருஷத் திதிக்கு அப்பா காலையிலேயே வந்து சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காயுமுன் கிளம்பினார். மத்தியானம் சித்தப்பாவின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டது. பெரியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து பெரியப்பா போனபிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஏலே, கழுதப்புலி ஒண்ணு தின்னுட்டுப் போயிட்டு. அடுத்தது வருது. எலையப் போடு."

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் இரண்டாவது பந்திக்கு அந்த வசனத்தைச் சொல்லித்தான் இலை போடுகிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். பெரியம்மா மூன்றாவது பந்தியில் தனியாக உட்காருகிறாள். நான் பரிமாறுகிறேன்.