ரத்தம் ஊறும் டீ

"என் பெஞ்சாதி உடம்புல ரத்தம் ஏறாம, இனி இந்தப் பாய்லர் முன்னால நிக்கமாட்டேன்" என்று ஆவுடையப்பன் சபதம் செய்தார். பாய்லர் முன்னால் நின்றுகொண்டுதான் செய்தார்.

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அவருடைய டீக்கடை. மனைவி சண்முகசுந்தரிக்கு ஐந்தாம் மாதம். அன்று காலை தென்காசி ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே இருந்தது. பிரசவத்துக்குள் அது பதினொன்றைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் நர்ஸ் ஜெபமலர். மிச்சத்தை ஆவுடையப்பன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் எவனோ டீ ஆற்றும் சத்தம் சரியில்லை. என்ன கோளாறு என்று பார்க்கப் போய்விட்டார்.

மிச்சத்தைச் சுந்தரி வீட்டில் சொன்னாள்.

"மாத்திரைய எலுமிச்சச் சாறோட போடணுமாம். கீரை, நெல்லிக்கா நெறைய சேக்கணுமாம். சாப்பாட்டோட டீ மட்டும் கூடாதாம். அது இரும்புச்சத்த உடம்புல சேரவிடாதாம்."

"எந்த டீ?"

"டீதான்."

"வேற கடை டீயச் சொல்லியிருப்பாக. நம்ம டீல கருப்பட்டில்லா கெடக்கு. கருப்பட்டி முழுக்க இரும்புட்டி."

"அந்த அக்கா படிச்சவுக."

"நான் இருவது வருசமா டீ ஆத்துதேன்."

சுந்தரி எலுமிச்சை நறுக்கப் போனாள். தாம் ஜெயித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து, காலையிலும் மதியமும் அவள் தட்டில் கை வைக்கிற நேரத்துக்குச் சரியாக ஒரு பிளாஸ்க் வந்து இறங்கியது.

"குடிட்டி."

"கொதிக்கே. ஆறட்டும். கடையில ஆள் நிக்கும், நீங்க போங்க."

"குடிச்சிருவியா?"

"ஒரு சொட்டுகூட வீணாப் போவாது."

சாரல் காலம். அருவியில் குளித்து, பல் கிட்டிக்க வரும் கூட்டம் கடையை மொய்த்தது. அவர் ஓடுவார். பிளாஸ்க் எப்போதும் காலியாகவே கைக்குத் திரும்பியது.

சுந்தரியும் கணவனைக் கவனிக்கத் தவறவில்லை. அவர் எப்போது சாப்பிட உட்கார்ந்தாலும், பக்கத்தில் பெரிய டம்ளர் நிறைய ஆவி பறக்க டீ வைத்தாள். கடையில் அவர் டீயைத் தொடுவதே இல்லை. நாள் முழுக்க அந்த வாடையில் நின்று அலுத்துவிட்டது. வீட்டு டீயை மட்டும் கண்ணை மூடி உறிஞ்சுவார்.

"இதுல்லா டீ. என் கைக்கு இந்த ருசி வரமாட்டேங்குதே. அப்படி என்னதாம்ட்டி போடுத?"

"நான் ஒண்ணும் போடலை. முருங்கைக்கீர வைக்கட்டா?"

"அத ஆடு திங்கட்டும். இன்னும் அரை டம்ளர் ஊத்து."

ஏழாம் மாதம் தென்காசிக்குப் போனார்கள். சுந்தரி மூச்சு வாங்காமல் படியேறினாள். சோதித்துப் பார்த்த ஜெபமலர் முகம் மலர்ந்தது. பதினொன்றரை. ஆவுடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடியே மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"எல்லாம் நம்ம டீ செஞ்ச வேல. 'ரத்தம் ஊறும் கருப்பட்டி டீ'ன்னு போர்டே எழுதச் சொல்லிட்டேன். கடையம் வரைக்கும் பேர் போயாச்சு."

சுந்தரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"சந்தோசம் அண்ணாச்சி" என்றார் ஜெபமலர். "பிரசவத்துக்கு ஒருவேள ரத்தம் தேவப்பட்டா, குடுக்க ஆள் வேணும்."

"ஆள் எதுக்கு, நான் இருக்கேம்லா" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். விரலில் ஒரு குத்து. ஜெபமலர் ஒருமுறை பார்த்தார். மறுமுறையும் பார்த்தார்.

"உங்ககிட்ட எடுக்க முடியாது அண்ணாச்சி. சுந்தரியவிட உங்களுக்குக் கம்மியா இருக்கு. கீரை சாப்பிடுதியளா?"

"இல்ல."

"சாப்பாட்டோட டீ குடிக்கியளோ?"

"கடை டீயத் தொடவே மாட்டேன். வீட்டுல இவ போடுத டீ மட்டும்தான்."

"நான் எங்க போட்டேன்?" என்றாள் சுந்தரி. "மசக்கையில டீத்தூள் வாடையே எனக்கு ஆகாதே. நீங்க கொண்டாந்ததத்தான் சூடாக்கித் தந்தேன். ஒரு சொட்டு வீணாக்கலை."

திரும்பும் வழியில், கடையில் பெயின்ட் காயாத போர்டைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தட்டில் முருங்கைக்கீரை மலையாய்க் குவிந்திருந்தது. பக்கத்தில் எலுமிச்சைச் சாறு.

"டீ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஜெபமலர் அக்காட்ட நல்லாக் கேட்டுட்டேன். அவுக சொன்னது வேற கடை டீய இல்லியாம்."