ஃபியூஸ் மாமா

எங்கள் எருத்தேன்பதியில் மின்சாரத்தைத் துளியும் நம்பாத ஒரே மனிதர் ஃபியூஸ் மாமாதான். கரண்டைக் கண்டுபிடித்தவரே நேரில் வந்து சத்தியம் செய்தாலும், "எதுக்கும் ஒயரத் தொட்டுப் பாத்துக்கறனுங்க" என்பார்.

தென்னந்தோப்பு வைத்துப் பண்ணையம் பார்ப்பவர். கடைவீதிக்குக் கிளம்பினால் செருப்பை மறந்தாலும் மறப்பார், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள மறக்கமாட்டார். உள்ளே அத்தை மாவாட்டிக்கொண்டிருப்பார். அப்புறம் தெரு முழுக்க அத்தையின் குரல்தான்.

ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து மைக், விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றுவிட்டன. "எவன்டா அது?" என்று மாப்பிள்ளையின் அப்பா பாய்ந்தார். மூலையிலிருந்து மாமா ஃபியூஸ் கட்டையோடு வந்தார். "ஒயரு சுட்டுச்சுங்க. நீங்க தாலியக் கட்டுங்க, கழுத்து தெரியுதுல்லோ?"

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தவர் உட்காரவே இல்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார்.

"மாப்ளே, இது ஃபியூஸ் கம்பியா, மாடு கட்டற சங்கிலியா? ஊடே பத்திக்கிட்டாலும் இது உருகாது!"

தடித்த கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டினார். அன்றிலிருந்து மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் வீடு இருட்டு. பொறுக்க முடியாமல் என் மனைவி அவர் வாசலுக்கே போய்விட்டாள்.

"ஏனுங் மாமா, சட்னி அரைச்சா ஊடே இருட்டாகுதுங்!"

"இருட்டானாப் பரவால்ல அம்முணி. வெளிச்சமாயிரக் கூடாது."

கடைசியில் பெரிய மனது வைத்து இன்னும் ஒரே ஒரு இழை சேர்த்துக் கட்டினார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் மாவாட்டும்போது, மாட்டுக்கொட்டகைப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. "அந்த மனுசன் கட்டுன கம்பி!" என்று திட்டிக்கொண்டே மனைவி கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

எலி கடித்த ஒயர் கருகி, பரணில் இருந்த வைக்கோல் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடி வைக்கோல் புகைந்தது. கீழே பசுவும் கன்றும். ஒரு குடம் தண்ணீரிலேயே அணைந்துவிட்டது. ஃபியூஸ் மட்டும் உருகாமல் இருந்திருந்தால் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் போதாமல் போயிருக்கும்.

மாமாவுக்கு ஆள் அனுப்பினோம். இனி ஆயுளுக்கும் பிரசங்கம்தான் என்று நினைத்தேன். வந்தவர் ஒயரைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடு அம்முணி."

நீர்மோரை நீட்டினாள் மனைவி. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒயரைச் சரிசெய்து ஃபியூஸ் கட்ட எழுந்தார்.

"உக்காருங் மாமா," என்றாள் அவள். "கரண்டு மெதுவா வரட்டுங்."